சார்புவழி நிரலாக்கம் எட்டாக்கனியா?

1977ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ஜான் பேக்கஸுக்குக் கிடைத்தது. கணினித் துறையில் அதைவிடப் பெரிய விருது இல்லை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியை ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். மாறி ஒன்றில் ஒரு மதிப்பை இட்டு, அதை மாற்றி, மறுபடியும் மாற்றி வேலையை நகர்த்தும் நிரல்பாணி உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பாணியே நிரலாளரின் சிந்தனையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று விருது உரையில் அவரே வாதிட்டார். மாற்றாக அவர் முன்வைத்தது, கணிதச் சார்புகளை ஒன்றோடொன்று கோத்து நிரல் எழுதும் முறை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மென்பொருள் துறையினர் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று அழைக்கும் இந்தச் சார்புவழி நிரலாக்கத்தை ஒரு கேள்வி இன்னும் விடாமல் தொடர்கிறது. வங்கிக் கணக்கு, கடைச் சரக்கு, ரயில் முன்பதிவு என்று அன்றாடத் தேவைகளுக்கு நிரல் எழுதுகிறவருக்கு இது கைவருமா? அல்லது கணித நாட்டம் உள்ள சிலருக்கு மட்டுமே உரியதா? இதற்குப் பதில் சொன்னவர்கள் பலர். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பின்னணி உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பலவீனமும் உண்டு.

எதைப் பற்றிய கேள்வி?

சார்புவழிச் சிந்தனையின் வேர் மின்னணுக் கணினிக்கும் முந்தையது. 1930களில் அலோன்சோ சர்ச் வகுத்த லாம்டா கால்குலஸ், கணக்கிடுவது என்பதையே சார்புகளை உருவாக்குவதாகவும் அவற்றைச் செலுத்திப் பார்ப்பதாகவும் கண்டது. ஜான் மெக்கார்த்தி 1958இல் எம்ஐடியில் தொடங்கிய லிஸ்ப் மொழி அந்த எண்ணத்தின் சில கூறுகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 1970களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னரின் குழு எம்எல் மொழியை உருவாக்கியது. ஆளுக்கொரு ஆய்வு மொழி என்ற நிலை மாறி, பொதுமொழி ஒன்று வேண்டும் என்று 1987இல் ஆய்வாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். 1990இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை வெளிவந்தது.

இந்த மரபு தந்த உத்திகள் எல்லாம் ஒரே அளவு கடினமானவை அல்ல. அவற்றை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக்கொண்டால் விவாதம் தெளிவாகும்.

முதல் அடுக்கில் இருப்பவை அடிப்படைப் பழக்கங்கள். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து, வெளியே எதையும் மாற்றாத தூய சார்புகளை எழுதுவது. உருவான தரவை மாற்றாமல் புதிய தரவை உருவாக்குவது. ஒரு சார்பையே இன்னொரு சார்புக்கு உள்ளீடாகத் தருவது. ஒரு வகுப்பின் மதிப்பெண்களில் 35க்குக் குறையாதவற்றின் கூட்டுத்தொகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாணியில், மாறி ஒன்றைப் பூஜ்ஜியமாக்கி, ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்து, சோதித்து, கூட்டிக்கொண்டே போகும் லூப் ஒன்றை எழுத வேண்டும். சார்புவழியில் வடிகட்டுவது, கூட்டுவது என்ற இரண்டு செயல்களைக் கோத்தால் வேலை முடிந்தது.

இரண்டாம் அடுக்கு தரவின் வடிவம் சார்ந்தது. ஒரு கட்டணம் 'செலுத்தப்பட்டது', 'நிலுவை', 'ரத்து' என்ற மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருக்கலாம் என்று வகையிலேயே எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே கையாளும் பேட்டர்ன் மேட்சிங் இதில் அடங்கும். ஏதாவது ஒரு நிலையைக் கையாள மறந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே சுட்டிக்காட்டிவிடும். மூன்றாம் அடுக்கில் வெளியுலகோடு பேசும் வேலை போன்றவற்றைத் தூய நிரலுக்குள் ஒழுங்குபடுத்தும் மோனாட், தேவைப்படும்வரை கணக்கிடாமல் தள்ளிப்போடும் லேசி எவாலுவேஷன், வகைகளையே உள்ளீடாகக் கொள்ளும் உயர்நிலை வகைகள் ஆகியவை வருகின்றன.

கடினம் என்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். எளிது என்பவர்கள் முதல் அடுக்கை. விவாதம் நீண்டுகொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

எளிய மொழியே போதும் என்போர்

முதல் தரப்பு நடைமுறைவாதிகளுடையது. இவர்களது கவலை ஒரு நிரலாளரின் திறமை பற்றியது அல்ல. நூற்றுக்கணக்கானோர் மாறிமாறிக் கைவைக்கும் நிரல் பற்றியது. கூகுள் 2009இல் வெளியிட்ட கோ மொழி இந்தப் பார்வையின் தெளிவான வெளிப்பாடு. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ராப் பைக், கூகுளில் வேலை செய்வோரில் பலர் கல்லூரி முடித்து வந்த இளைஞர்கள் என்பதையும் அவர்கள் ஜாவா, சி, பைத்தான் போன்றவற்றில் பழகியவர்கள் என்பதையும் கருத்தில் கொண்டே மொழி எளிமையாக வைக்கப்பட்டது என்று விளக்கினார். பல வகைகளுக்கும் பொதுவான சார்புகளை எழுத உதவும் ஜெனரிக்ஸ் வசதிகூட 2022இல்தான் கோ மொழியில் சேர்ந்தது.

பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசமும் ஏறத்தாழ இதே பக்கம் நின்றார். பெயரில்லாச் சார்பை எழுத உதவும் லாம்டா, பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சார்பைச் செலுத்தும் மேப், வடிகட்டும் ஃபில்டர், எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகத் திரட்டும் ரெட்யூஸ் ஆகிய நான்கையும் பைத்தானின் அடுத்த பெரும் பதிப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்று 2005இல் எழுதினார். கூட்டல், பெருக்கல் போன்ற சில இடங்களைத் தவிர ரெட்யூஸ் வரும் நிரலைப் புரிந்துகொள்வது சிரமம், நேரடியான லூப்பே தெளிவானது என்பது அவர் வாதம். 2008இல் பைத்தான் 3 வந்தபோது முதல் மூன்றும் தப்பின. ரெட்யூஸ் மட்டும் தனி நூலகத்துக்கு ஒதுக்கப்பட்டது.

நிறுவன அனுபவமும் இந்தத் தரப்புக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. யாமர் நிறுவனம் 2011இல் தன் அடிப்படைச் சேவைகளை, சார்புவழி உத்திகளையும் பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் இணைக்கும் ஸ்காலா மொழியிலிருந்து ஜாவாவுக்குத் திரும்ப மாற்றியது. புதிதாகச் சேர்வோர் மொழியைக் கற்க ஆகும் காலம், வேகம், கருவிகளின் முதிர்ச்சியின்மை எனப் பல காரணங்கள் அப்போது பேசப்பட்டன.

இத்தரப்பின் பலவீனம், பழக்கமானதையும் எளிமையானதையும் ஒன்றாக்கிவிடுவது. லூப் தெளிவாகத் தெரிவது அதன் இயல்பாலா, எல்லோரும் அதை முதலில் கற்றதாலா என்ற கேள்விக்கு இவர்கள் தரும் பதில் நிறைவாக இல்லை. ஸ்காலாவின் சிக்கல்களில் எவ்வளவு சார்புவழி உத்திகளால் வந்தது, எவ்வளவு பொருள்நோக்கு நிரலாக்கத்தையும் சேர்த்துச் சுமந்ததால் வந்தது என்பதும் பிரித்தறியப்படவில்லை.

கற்பிக்கும் முறையே காரணம் என்போர்

இரண்டாம் தரப்பு கல்வியாளர்களுடையது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடக்கநிலைப் பாடத்தில் ஹாஸ்கெலுக்குப் பதில் ஜாவாவை வைக்க முனைந்தபோது, கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 2001இல் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். முதலில் கற்கும் மொழி மாணவரின் சிந்தனைப் பழக்கத்தையே உருவாக்குகிறது என்பது அவர் கவலை. இதே நம்பிக்கையில்தான் எம்ஐடியின் ஏபல்சனும் சஸ்மனும் 1985இல் லிஸ்ப் வழிவந்த ஸ்கீம் மொழியை வைத்துத் தங்கள் புகழ்பெற்ற பாடநூலை எழுதினார்கள். மத்தியாஸ் ஃபெலைசனும் கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்ட பாடநூல், தரவின் வடிவத்திலிருந்தே நிரலின் வடிவத்தை வருவிக்கும் முறையைப் படிப்படியாகக் கற்றுத்தந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தப் போக்கின் தடம் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமெடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் இளநிலை மாணவர்கள் ஹாஸ்கெல் கற்கிறார்கள். அங்குள்ள மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் இணையவழிக் கல்வித் திட்டத்தின் வழியாக எல்லோருக்கும் கிடைக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலும், பைத்தானுக்குள் நுழையும் முன்பே, முதல் பாடத்தில் தூய சார்புக்கும் பக்கவிளைவு உடைய சார்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கிறது. பல மென்பொருள் நிறுவனங்களில் 'உயர்நிலை' என்று ஒதுக்கப்படும் கருத்து, அரசுப் பள்ளி மாணவரின் பாடநூலில் முதல் பாடமாக இருக்கிறது.

ஆய்வுச் சான்றும் ஓரளவு இவர்கள் பக்கம் உள்ளது. ஜான் பேன், ரத்தனமஹாத்தனா, பிராட் மயர்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, நிரலாக்கம் அறியாத ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் பேக்மேன் விளையாட்டின் காட்சிகளைக் காட்டி, கணினி என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னது. ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சுற்றிவரும் லூப் முறையை அவர்கள் அதிகம் நாடவில்லை. 'எல்லாவற்றையும்' என்று தொகுப்பாகவே கட்டளையிட்டார்கள். மேப், ஃபில்டர் போன்றவை செய்வதும் இதற்கு நெருக்கமான வேலைதான்.

கேத்தி ஃபிஸ்லர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைத் தந்தது. எண்களின் பட்டியலில் ஒரு குறிப்பிட்ட எண் வரும்வரை உள்ள மழையளவுகளின் சராசரியைக் காணும் 'மழைக் கணக்கு', 1980களிலிருந்தே தொடக்கநிலை மாணவர்களைத் தடுமாறவைத்த கணக்கு. சார்புவழியில் நிரலாக்கம் கற்ற மாணவர்கள் அதில், முந்தைய ஆய்வுகளில் காணப்பட்டதைவிடக் குறைவான பிழைகளே செய்தார்கள்.

இருந்தாலும் இந்தத் தரப்பும் சற்று அதிகமாகவே முடிவுகட்டுகிறது. வகுப்பறைக் கணக்குகள் சிறியவை. கட்டுப்பாடான சூழலில் நடப்பவை. பத்தாண்டு பழைய நிரலில், பாதி எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு, பிழை தேடும் நிலைக்கு அவை ஈடாகா. குழந்தைகள் தொகுப்பாகச் சிந்திக்கிறார்கள் என்பதிலிருந்து மோனாட்டும் இயல்பாக வரும் என்று முடிவுக்கு வரவும் இயலாது.

வல்லவர்களின் கருவி என்போர்

மூன்றாம் தரப்பு விசித்திரமானது. சார்புவழி உத்திகள் கடினம் என்பதை ஒப்புக்கொண்டு, அதையே சிறப்பாகக் கொண்டாடுகிறது. பால் கிரகாம் 2001இல் எழுதிய கட்டுரை இதற்கு முன்மாதிரி. லிஸ்ப் மொழியில் எழுதிய வயாவெப் இணையக்கடை மென்பொருளை 1998இல் யாஹூவுக்கு விற்றவர் அவர். போட்டியாளர்களுக்குப் புரியாத வலிமை லிஸ்ப்பில் இருந்ததே தங்கள் வெற்றியின் இரகசியம் என்றார். நடுத்தர மொழியில் பழகியவருக்கு அதைவிட வலிமையான மொழியின் அருமை தெரியாது என்பது அக்கட்டுரையின் மையம்.

இத்தரப்பு அடுக்கும் சான்றுகள் கவர்ச்சியானவை. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தபோது, 45 கோடிப் பேர் பயன்படுத்திய வாட்ஸ்அப்பை ஏறத்தாழ 30 பொறியாளர்களே இயக்கிவந்தார்கள். அதன் சர்வர்கள் எர்லாங் என்ற சார்புவழி மொழியில் எழுதப்பட்டவை. பங்கு வணிக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் தன் மென்பொருளில் பெரும்பகுதியை எம்எல் வழிவந்த ஓகேமல் மொழியில் எழுதுகிறது.

ஆனால் வெற்றி பெற்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கருவியும் அற்புதமாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பின் வெற்றியில் மொழிக்கு எவ்வளவு பங்கு, குறைவான அம்சங்களோடு நிறுத்திக்கொண்ட முடிவுக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்து அளக்கவில்லை. வயாவெப்பின் லிஸ்ப் நிரலும் யாஹூவிடம் சென்ற பிறகு சி பிளஸ் பிளஸ், பெர்ல் மொழிகளில் திருத்தி எழுதப்பட்டது. எர்லாங்கின் சொந்த வரலாறு இந்தத் தரப்பை மறுக்கவும் செய்கிறது. 1986இல் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் குழுவினரும் அதைத் தொடங்கியது தொலைபேசி இணைப்பகங்களுக்காக. அதைப் பயன்படுத்தியவர்கள் கணித ஆய்வாளர்கள் அல்ல, தொலைத்தொடர்புப் பொறியாளர்கள்.

மொழிக்கு வெளியே உள்ள தடைகள்

ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஃபிலிப் வாட்லர், சார்புவழி மொழிகளை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்ற கேள்வியை 1998இல் நேராக எடுத்துக்கொண்டார். மற்ற மொழிகளோடு இணையாமை, நூலகப் பற்றாக்குறை, நிறுவுவதில் உள்ள தொல்லை, பிழைதேடும் கருவிகள் இல்லாமை, பயிற்சி பெற்றோர் கிடைக்காமை ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்தினார். நிரலாளர்களுக்குப் புரியவில்லை என்பது உண்மையான காரணம் அல்ல என்று குறிப்பாகவே மறுத்தார்.

பின்வந்த ஆண்டுகள் அவருக்குப் பெரிதும் துணைநின்றன. ஈவன் சாப்லிக்கி 2012இல் வெளியிட்ட எல்ம் மொழி, தூய சார்புவழி மொழியாக இருந்தும் மோனாட் போன்ற சொற்களைத் தவிர்த்தது. பிழைச்செய்திகளைப் பேச்சுநடையில், திருத்தும் வழியோடு தந்தது. அந்த அணுகுமுறை மற்ற மொழிகளின் கம்பைலர் செய்திகளிலும் தாக்கம் செலுத்தியது. ஆனாலும் எல்ம் பெருவழக்காகவில்லை. சூழல் சீரானாலும் பரவல் தானாக நிகழ்ந்துவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

பெயர் சொல்லாமல் நுழைந்தவை

விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே உத்திகள் பெருமொழிகளுக்குள் இடம்பெயர்ந்துவிட்டன. 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்டில் சார்புகளை மதிப்புகளாகக் கையாளும் வசதி தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2004இல் கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் விவரித்த மேப்ரெட்யூஸ், ஆயிரக்கணக்கான கணினிகளில் தரவைப் பகிர்ந்து கணக்கிட லிஸ்ப் மரபின் மேப், ரெட்யூஸ் செயல்களிலிருந்து ஊக்கம் பெற்றது. சி ஷார்ப் மொழியில் 2007இல், தரவைச் சார்புவழியில் வினவும் லிங்க் வசதி சேர்ந்தது. ஜாவா 2014இல் லாம்டாவை ஏற்றது. 2015இல் நிலைபெற்ற ரஸ்ட், எம்எல் மரபின் வகைகளையும் பேட்டர்ன் மேட்சிங்கையும் தொடக்கம் முதலே கொண்டிருந்தது. பைத்தானில் 2021இல் பேட்டர்ன் மேட்சிங்குக்கான மேட்ச் கூற்று வந்தது.

எக்செல் தாள் இதைவிடத் தெளிவான சான்று. ஒரு கட்டத்தில் எழுதும் சூத்திரம் மற்றக் கட்டங்களை மாற்றாமல் தன் மதிப்பை மட்டும் கணக்கிடுகிறது; அது தூய சார்புதான். கணக்காளரும் பள்ளி அலுவலரும் பல்லாண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள். சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஆலன் பிளாக்வெல், மார்கரெட் பர்னெட் மூவரும் 2003இல் எக்செலிலேயே பயனர் தம் சார்புகளை வரையறுக்கும் வழியை முன்மொழிந்தார்கள். 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்செலுக்கு லாம்டாவை அறிவித்தது.

இந்த வரலாறு முதல் அடுக்கைப் பற்றிய சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. இரண்டாம் அடுக்கும் அதே வழியில் போகிறது. ஆனால் இடம்பெயர்ந்தவை எவை என்பதையும் கவனிக்க வேண்டும். முழுத் தூய்மையையும் லேசி எவாலுவேஷனையும் பெருமொழிகள் ஏற்கவில்லை.

அளவீடுகள் எவ்வளவு தூரம் உதவும்?

கருத்துமோதலை எண்களால் தீர்க்கும் முயற்சிகளும் நடந்தன. பைஷாகி ராய் உள்ளிட்டோர் 2014இல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உள்ள 729 திட்டங்களையும் 17 மொழிகளையும் ஆராய்ந்து, சார்புவழி மொழிகளில் பிழைகள் சற்றே குறைவு என்று அறிவித்தார்கள். 2019இல் எமரி பெர்கர் உள்ளிட்ட குழு அதே தரவை மறுபடி ஆராய்ந்தபோது அந்த முடிவுகளில் பெரும்பாலானவை உறுதிப்படவில்லை. எஞ்சிய தொடர்புகளும் மிகச் சிறியவை.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் பங்கேற்ற 2016ஆம் ஆண்டு ஆய்வு, சி பிளஸ் பிளஸ்ஸில் லாம்டா பயன்படுத்தியோரையும் வழக்கமான இட்டரேட்டரைப் பயன்படுத்தியோரையும் ஒப்பிட்டது. லாம்டாவால் பலன் தெரியவில்லை. மாணவர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள். அனுபவசாலிகளிடம் அந்த இடைவெளி சுருங்கியது. ஆனால் சி பிளஸ் பிளஸ்ஸின் லாம்டா எழுத்துமுறை சிக்கலானது. அங்கே கண்டதை எல்லா மொழிகளுக்கும் பொருத்துவது சரியாகாது.

மோனாட் என்னும் எல்லைக்கோடு

எஞ்சுவது மூன்றாம் அடுக்கு. யூஜீனியோ மோஜி 1989இல் நிரல்மொழிகளின் பொருளை விளக்கக் கணிதத்திலிருந்து மோனாட்டை எடுத்துக்கொண்டார். வாட்லர் அதை நிரல் எழுதும் உத்தியாக்கினார். கோப்பு, திரை, வலை என வெளியுலகோடு பேசும் வேலையைத் தூய மொழிக்குள் ஒழுங்குபடுத்த ஹாஸ்கெலுக்கு அது கைகொடுத்தது. பல மோனாட்டுகளை அடுக்கும்போது எழும் குழப்பமும், லேசி எவாலுவேஷனால் நினைவகம் எங்கே நிரம்புகிறது என்று கணிக்க முடியாமல் போவதும் ஹாஸ்கெல் வல்லுநர்களே ஒப்புக்கொள்ளும் சிரமங்கள்.

இங்கும் ஒரு நடுவழி தென்படுகிறது. ஸ்காலாவை உருவாக்கிய மார்ட்டின் ஓடர்ஸ்கி 2011இல், மொழியின் அம்சங்களைச் செயலி எழுதுவோருக்கு உரியவை, நூலகம் எழுதுவோருக்கு உரியவை என்று இரண்டு ஏணிகளாகப் பிரித்துக் காட்டினார். சார்புவழி மொழியான எஃப் ஷார்ப் மோனாட்டின் அடிப்படையில் உருவாக்கிய ஒத்திசையா நிரல்முறையின் தாக்கத்தோடு, 2012இல் சி ஷார்ப்பில், காத்திருக்க வேண்டிய வேலைகளை எளிதாக எழுத உதவும் அசிங்க்-அவெய்ட் வந்தது. இன்று ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பைத்தானிலும் அதை எழுதுவோர் மோனாட்டைக் கற்கத் தேவையில்லை.

ஃபேஸ்புக்கின் தீங்கு தடுக்கும் அமைப்பான சிக்மாவும் இத்தகையதே. 2015இல் அதன் விதிகள் ஹாஸ்கெலுக்கு மாறின. நொடிக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான கோரிக்கைகளை அது கையாண்டது. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தரவு திரட்டும் சிக்கலை சைமன் மார்லோவின் குழு நூலகத்துக்குள் அடக்கியது. விதி எழுதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

இப்பிரிவினைக்கும் விலை உண்டு. நூலகம் பழுதாகும்போது அதன் உட்புறம் அறிந்தவர்கள் சிலரே இருப்பார்கள்.

தீர்ந்ததும் தீராததும்

இன்றைய சான்றுகளை வைத்துச் சில முடிவுகளுக்கு வரலாம். முதல் அடுக்கு அன்றாட நிரலாளருக்கு எட்டாதது என்ற வாதம் இனி நிற்காது. அவர் அதை ஏற்கெனவே பயன்படுத்திவருகிறார். இரண்டாம் அடுக்கைக் கற்க ஓரளவு பயிற்சி தேவை. கம்பைலரின் துணை இருப்பதால் அந்த உழைப்பு வீணாவதில்லை. மூன்றாம் அடுக்கின் சிரமம் உண்மையானது. அதை நிரலாளரின் அறிவுக்குறையாகக் காட்டுவது நியாயம் அல்ல; பயனுக்கும் கற்கும் செலவுக்கும் உள்ள கணக்காகவே பார்க்க வேண்டும்.

தீராதவையும் உண்டு. ஒரே அளவு பயிற்சி பெற்ற இரண்டு குழுக்கள், ஒரே மென்பொருளை வெவ்வேறு பாணிகளில் எழுதி, பல ஆண்டுகள் பராமரித்து ஒப்பிடும் ஆய்வை நடத்துவது மிக அரிது. வகுப்பறையில் கண்ட நன்மை பணியிடத்திலும் நிலைக்கிறதா, ஏற்கெனவே லூப்பில் ஊறியவர் மாற எவ்வளவு காலம் ஆகும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதித்தரும் காலத்தில் படிக்க எளிதான பாணி எது என்ற கேள்விகளுக்கு உறுதியான விடை இன்னும் இல்லை.

அதுவரை பாடத்திட்டம் வகுப்போரும் குழுத் தலைவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூய சார்பும் மாறாத தரவும் முதலாண்டு மாணவருக்கே கற்பிக்கப்படட்டும். பேட்டர்ன் மேட்சிங்கும் வகைகளும் பணியிடப் பயிற்சியில் இடம்பெறட்டும். மோனாட்டும் அதற்கு மேலானவையும் தேவை நிரூபிக்கப்பட்ட இடத்தில் மட்டும், பராமரிக்க ஆள் இருக்கிறார்கள் என்று உறுதிசெய்த பிறகு, கொண்டுவரப்படட்டும்.